சட்டை போட்ட குட்டி

ஆட்டம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. மேட்டு நிலத்து மிஷன் மருந்தகத்தில் தரை துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். கால்நடை மருத்துவர் வரும் நாட்களில் சுடுதண்ணீர் வைத்துக் கொடுப்பார். ஆடு திமிறினால் காலைப் பிடித்துக்கொள்வார். மருத்துவர் மாற்றலாகிப் போனார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. அதற்காக ஆடுகள் ஈனாமல் இருக்கவில்லை. ஆகவே துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுக் குளம்பு வெட்டும் கத்தரியைக் கையில் எடுத்தவர், முழங்கால் தேய்ந்து வீட்டோடு உட்காரும்வரை அதைக் கீழே வைக்கவில்லை.

தச்சு வேலை பார்த்த அவருடைய கணவருக்கு இதில் பெருமையும் இருந்தது, புகாரும் இருந்தது. "அவனவன் பொண்டாட்டி பக்கத்துல வந்தா சோப்பு வாசனை அடிக்கும். எனக்கு மட்டும் கிடா வாடை" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வார்.

"மோந்து பாக்கச் சொல்லி உங்களை யாரு கூப்பிட்டா?" என்று அடுப்படியிலிருந்து பதில் வரும்.

அவர்களுக்குப் பிள்ளைகள் மூவர். மூவரும் அம்மை, காய்ச்சல், எலும்பு முறிவு எல்லாம் கண்டு, எல்லாவற்றையும் தாண்டி ஆளானவர்கள். ஒரு பிள்ளையைக்கூடப் பறிகொடுக்காத தாய் அந்த மேட்டில் அபூர்வம். அது தன் சாமர்த்தியமல்ல என்று ஆட்டம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் அந்த அதிர்ஷ்டமே தம் காதைக் கொஞ்சம் மந்தமாக்கிவிட்டது என்று பிற்காலத்தில் அவரே சொல்வதுண்டு. அப்படிச் சொல்லவைத்த காரியம் இது.

மேட்டு நிலத்தில் கல் அதிகம், மண் கொஞ்சம். உருளைக்கிழங்கும் சோளமும் விளையும். பனி முந்திக்கொண்டால் அவையும் விளையா. அங்கிருந்த குடும்பங்களுக்கு மிஷன் விதை கொடுத்தது, கிணறு வெட்ட உதவியது. பிறகு ஆடு கொடுக்கத் தொடங்கியது. ஆடு கொடுத்ததில் ஒரு முறை இருந்தது. வரிசையில் முதலில் இருக்கும் வீட்டுக்கு ஒரு சினையாடு. அது ஈனும் முதல் பெட்டைக்குட்டியைப் பால் மறந்ததும் அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பின் பிறப்பதெல்லாம் வீட்டுக்காரருடையது. குட்டியை ஜெபக்கூடத்தில், எல்லார் முன்பாகவும், கொடுக்கும் வீட்டின் பெண்மணி தன் கையாலேயே வாங்கும் வீட்டுப் பெண்மணியிடம் தர வேண்டும். அப்போது சொல்ல வேண்டியது "வாங்கினோம், கொடுக்கிறோம்" என்ற இரண்டு வார்த்தைகள்தாம். பிச்சை வாங்கினோம் என்ற குன்றல் எவருக்கும் வரக்கூடாது என்பதற்காகப் போதகர் யோசித்து ஏற்படுத்திய முறை அது. ஆடு கொடுக்கும் நாளில் எல்லாம் அவர் ஒரே விஷயத்தைத்தான் பிரசங்கிப்பார்: தலைச்சன் ஆண்டவருக்கு உரியது, அதைக் கையைவிட்டுக் கொடுக்கிற வீடு குறைந்துபோவதில்லை.

ஆடு ஈன்ற வீட்டுக்குப் போவது ஆட்டம்மாவின் வேலை. தொப்புள்கொடியை மருந்தில் தோய்ப்பார். குட்டி சீம்பால் குடிக்கிறதா என்று விரலை வாய்க்குள் விட்டுப் பார்ப்பார். பிறகு வீட்டுக்காரிக்குச் செய்தி சொல்வார். எத்தனையோ வீட்டில் சொல்லிச் சொல்லி அது அவருடைய வாயிலேயே குடியிருந்தது, யோசிக்காமலே வந்துவிடும். "ஈரத்தரையில படுக்க விடாதீங்க. முதல் பாலைக் கறந்து கீழ ஊத்திடாதீங்க. பனியில குட்டி விறைச்சுப் போகும், பிள்ளைங்க போட்டுக் கழிச்ச சட்டை ஏதாவது இருந்தா மாட்டி விடுங்க. பொத்தான் முதுகுப் பக்கம் வரட்டும். கை ரெண்டும் முன்னங்காலுக்குச் சரியா இருக்கும்."

இந்தச் சட்டை யோசனை அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. அது வந்தபின் குளிரில் சாகும் குட்டிகள் குறைந்துபோயின. பூப்போட்ட சட்டையிலும் கோடுபோட்ட சட்டையிலும் குட்டிகள் பாறைக்குப் பாறை தாவுவதைப் பார்க்க வெளியூர் விருந்தினர் வருவார்கள், சிரிப்பார்கள். ஆட்டம்மா சிரிக்காதவர்போல முகத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார்.

கிணறு வெட்டுகிறவர் வீட்டுக்கு அவர் போன நாளும் பனி மூடிய நாள்தான். மேட்டின் மறுபக்கத்தில் ஓர் ஆட்டுக்கு வயிறு உப்பிக்கொண்டதால் அங்கேயே தங்கியிருந்துவிட்டு நேரே வருகிறார். மிஷன் வளாகத்துக்குள் கால் வைக்கவில்லை. அங்கே போயிருந்தால் வாசலிலேயே சேதி தெரிந்திருக்கும். வழியில் ஒருவன், "கிணத்துக்காரர் வீட்டு ஆடு ஈனிடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பனிக்குள் போய்விட்டான்.

வீட்டுக்காரி கொட்டிலில் ஆட்டருகே குந்தியிருந்தாள். பெட்டைக்குட்டி, வெள்ளை, நன்றாக நக்கிக் காயவைக்கப்பட்டிருந்தும் நடுங்கிக்கொண்டிருந்தது. ஆட்டம்மா தொப்புளுக்கு மருந்து வைத்தார். விரலை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். வாயில் குடியிருந்த செய்தி தானாக வெளியே வந்தது. சட்டைக்கு வந்தபோது வீட்டுக்காரி தலைநிமிர்ந்தாள்.

"எந்தச் சட்டைன்னாலும் பரவாயில்லையா அக்கா?"

"எதுவா இருந்தா என்னம்மா? கம்பளியா இருந்தா இன்னும் நல்லது. ஆமா, வாண்டு எங்க, சத்தத்தையே காணோம்? அவன் சட்டையை எடுத்தா சண்டைக்கு வருவானே!"

வாண்டு அவளுடைய மகன். ஒரே பிள்ளை. ஆட்டம்மா போகும்போதெல்லாம் கல்சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, "ஆட்டம்மா, மே!" என்று கத்துகிறவன்.

"வரமாட்டான்" என்றாள் அவள்.

ஆட்டம்மா சிரித்துக்கொண்டே மருந்துப் பெட்டியை மூடி வெளியே வந்தார். வாசலில் கிணறு வெட்டுகிறவர் தொட்டிக்கருகே நின்று மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். மண்வெட்டி ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. அவர் மறுபடி மறுபடி தண்ணீர் ஊற்றினார்.

"அக்கா, உங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்றார். பிறகு அவரே சொன்னார். நெஞ்சுச்சளியாக ஆரம்பித்ததாம். மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு பாதி வழி போனாராம். "குழியை நானே வெட்டினேன். கிணறு வெட்டின கைக்கு அது ரொம்பச் சின்னது அக்கா. ஆரம்பிக்கிறதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

கொட்டில் பலகையின் இடுக்கு வழியே ஆட்டம்மா உள்ளே பார்த்தார். வீட்டுக்காரி அதற்குள் சட்டையைக் கொண்டுவந்துவிட்டாள். குட்டியை மடியில் வைத்து, முன்னங்கால்களை ஒவ்வொன்றாகக் கைக்குள் நுழைத்து, சொன்னபடியே பொத்தான்களை முதுகுப் பக்கமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். பொத்தான் போடும்போது குனிந்து குட்டியின் காதில் என்னவோ சொன்னாள்.

அந்தச் சட்டை நீலம் என்று ஆட்டம்மாவின் மகள் சொல்வாள். பச்சை என்பது தச்சரின் கட்சி. இரண்டு பேரும் அதைப் பார்த்தவர்கள். ஆட்டம்மா நிறத்தைச் சொன்னதே இல்லை. அதன் ஒரு முழங்கையில் பழுப்புத் துணியில் ஓர் ஒட்டு இருந்தது என்று மட்டும் சொல்வார்.

அவர் திரும்ப உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. கிணறு வெட்டுகிறவரின் தோளைத் தொட்டுவிட்டு, பெட்டியை இடுக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

பிறகு ஒரு மாலை, கிழங்கு வயல் ஓரமாக வந்துகொண்டிருந்தார். பனி இறங்கி வயலும் வானமும் ஒன்றாகிவிட்டிருந்தன. கல்சுவர் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. அதன் அடியில் ஏதோ சின்னதாக அசைந்தது. முதலில் கண்ணில் பட்டது அந்தப் பழுப்பு ஒட்டு. அது சுவரோரமாகவே கொஞ்ச தூரம் வந்தது; நின்றது; பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று அவரைப் பார்த்தது.

"டேய், வாண்டு!"

கூப்பிட்டது தம் வாய்தான் என்று அவருக்குப் புரிவதற்குள், அது சுவரிலிருந்து குதித்து அவரிடம் ஓடிவந்தது. அந்தப் பெயருக்கு அது பழக்கப்பட்டிருந்தது. தினமும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அதற்கு வாண்டுவின் அம்மா தீனி வைத்துக்கொண்டிருந்தாள். குட்டி வந்து அவருடைய முட்டியில் தலையைத் தேய்த்தது. ஆட்டம்மா ஆயிரம் குட்டிகளைத் தொட்ட கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அதைத் தொடாமலே நின்றார். பிறகு வந்த வழியே திரும்பினார்.

பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால், "எந்தப் பேய்க்கு ஒழுங்கா குளம்பு வெட்டியிருக்காங்க, கூட்டிட்டு வாங்க பாப்போம்" என்று கேலி பேசுகிறவர் அவர். அன்று முதல் கிழங்கு வயல் பாதையில் போகவில்லை.

"கல்குவாரி வழியா சுத்திப் போறியாமே?" என்றார் தச்சர்.

"அந்தப் பக்கம் வழி நல்லா இருக்கு."

"அந்தப் பக்கம் வழியே இல்லையேடி."

வழி இல்லாத அந்த வழியில் ஒரு வீடு இருந்தது. அது கல்லுடைக்கிறவர் வீடு. வரிசையில், கிணறு வெட்டுகிறவருக்கு அடுத்தவர் அவர்தான். குட்டிக்கென்று அவர்கள் கொட்டில் கட்டி, தரைக்குக் கல் பாவி, தச்சரிடம் தீனித்தொட்டியும் செய்து வாங்கி வைத்திருந்தார்கள். கல்லுடைக்கிறவர் மனைவிக்கு வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. ஆட்டம்மாவின் தலையைக் கண்டாலே வேலிக்கு வந்துவிடுவாள்.

"எப்ப அக்கா? கொட்டில் தயாரா இருக்கு. எங்க வீட்டுக்காரர் நேத்து உள்ள போய்ப் படுத்துப் பாத்தாரு. வீட்டைவிட அங்க சௌகரியமா இருக்காம்."

"அப்ப அவரையே கட்டிப் போட்டு வையி. பால் மறக்கட்டும், வந்துடும்."

அவள் சிரித்தாள். பிறகு வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். குட்டி வளர வேண்டும், சினையாக வேண்டும், ஈன வேண்டும். "இது நடக்க ஆரம்பிக்கிறப்ப பால் வந்துடும்ல அக்கா? முன்னாடி ரெண்டும் அந்த வயசுலதான் மெலிஞ்சு மெலிஞ்சு..." என்று நிறுத்திக்கொண்டாள். குட்டி வர ஒரு பருவம் தள்ளிப்போனால் பாலும் ஒரு வருஷம் தள்ளிப்போகும் என்பது இருவருக்கும் தெரிந்ததுதான்.

குட்டிக்குப் பால் மறக்கும் பருவம் வந்தது. ஆட்டம்மா தம்மைத் தாமே பிடித்துத் தள்ளிக்கொண்டு கிணறு வெட்டுகிறவர் வீட்டுக்குப் போனார். குட்டி திடமாக வளர்ந்திருந்தது. சட்டையின் இரண்டு பக்கத் தையலையும் பிரித்து வேறு துணி வைத்துத் தைத்திருந்தாள் வீட்டுக்காரி. வந்தவருக்கு மணை எடுத்துப் போட்டாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் கோபப்படவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை.

"போதகர் ஐயா அன்னைக்கு என்ன சொன்னாரு அக்கா? தலைச்சன் ஆண்டவருக்குன்னுதானே?"

"ஆமாம்மா."

"எங்க தலைச்சனை எடுத்துக்கிட்டாரு. ஏன்னு நான் கேட்டனா? ஒரு வீட்டுல ரெண்டு தடவையா வாங்குவாங்க?"

ஆட்டம்மாவால் மணையில் உட்கார முடியவில்லை. அன்றும் எழுந்து வந்துவிட்டார்.

போதகர் அப்போது விதைக்கிடங்கின் கூரையில் உட்கார்ந்து தகரம் அடித்துக்கொண்டிருந்தார். ஆட்டம்மா கீழே நின்று நடந்ததைச் சொன்னார். சுத்தியல் நின்றது. அவர் ஏணியில் பாதி இறங்கி, அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"அந்த வார்த்தை என் வாயிலிருந்து போனதுதான்" என்றார்.

"விட்டுடலாமா ஐயா? அந்தக் குட்டி அவகிட்டயே இருக்கட்டுமே. இங்க இருந்து வேற ஒண்ணு குடுத்தா?"

"இங்க வேற எங்கம்மா இருக்கு? கடைசிப் பெட்டையையும் மறுபக்கத்துக்கு அனுப்பியாச்சு. இவங்களுக்கு விட்டா அடுத்த வீட்டுலயும் ஒரு காரணம் இருக்கும். இந்த மேட்டுல காரணம் இல்லாத வீடு எது? வரிசையில கடைசியா நிக்கிறவங்க வீட்டுக்குப் போய் நீங்களே சொல்லிடுவீங்களா?" சொல்லிவிட்டு அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் வர்றேன். நானே கேக்கறேன்."

"வேண்டாம் ஐயா. சட்டை போடச் சொன்னது நான். நீங்க வந்தா அது வேற மாதிரி ஆயிடும்."

ஆனால் சிக்கல் எதிர்ப்பக்கத்திலிருந்தும் வந்தது. மேட்டில் பேச்சு பரவியிருந்தது. மாலையில் கிழங்கு வயலில் செத்த பிள்ளை நடக்கிறான் என்றார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான் என்றார்கள். கடைசியில் கல்லுடைக்கிறவர் மனைவியே வேலியோரம் நின்று, ஆட்டம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "எனக்கு அந்தக் குட்டி வேண்டாம் அக்கா."

"ஏம்மா, நீயுமா? அது ஆடு. சட்டை போட்ட ஆடு. அவ்வளவுதான்."

"வயித்துல ஒண்ணை வெச்சுக்கிட்டு அதை வீட்டுக்குள்ள விடச் சொல்றீங்களா?"

"சட்டையைக் கழட்டிட்டுத்தானே தருவாங்க."

"யாரு கழட்டுவா?" என்றாள் அவள். "நீங்க கழட்டுவீங்களா? நீங்களே அந்தப் பாதையில போறதில்லையே அக்கா. நாங்க பாக்கலைன்னு நினைச்சீங்களா?"

தாய் விட மறுக்கும் குட்டியை வாங்கிக்கொள்ளவும் ஆளில்லாமல் போயிற்று. காலியான கொட்டில் ஒன்றும், சட்டை போட்ட குட்டி ஒன்றும் மேட்டின் இரண்டு கோடியில் இருந்தன. நடுவில் அவர் சுற்றுவழி தேடிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரத்தில் கிணறு வெட்டுகிறவர் மருந்தக வாசலில் வந்து நின்றார். தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டிருந்தார்.

"குட்டி முன்னங்காலை ஊன மாட்டேங்குது அக்கா. கிட்டப் போனா வாடை அடிக்குது. அவ என்னைத் தொடவே விடலை. சட்டையைக் கழட்டினா குளிரும்கிறா."

ஆட்டம்மா பெட்டியை எடுத்தார். கிழங்கு வயல் பாதையிலேயே போனார். சுவரைப் பார்க்காமல் போனார் என்று சொல்ல முடியாது. பார்த்துக்கொண்டேதான் போனார்.

குட்டி கொட்டிலில் இல்லை. வீட்டுக்குள், ஜன்னலோரம் விரித்திருந்த சின்னப் பாயில் கிடந்தது. தலையணைகூட இருந்தது. பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். வளர்ந்த உடம்பைச் சட்டை இறுக்கி, கைப்பகுதி முன்னங்காலின் அக்குளில் கயிறுபோல் உள்ளே போயிருந்தது. அந்த இடத்தில் துணி ஈரமாக, கறுப்பாக இருந்தது. வாடை வாசலுக்கே வந்தது. ஆட்டம்மாவுக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது: புழு வைத்துவிட்டது. இன்னும் இரண்டொரு நாள் விட்டால் அந்தப் பாயிலிருந்து இன்னொரு சின்னக் குழிக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

"கழட்டணும்மா."

"போடச் சொன்னதும் நீங்க. கழட்டச் சொல்றதும் நீங்களா?"

"போடச் சொன்னது நான்தான்." ஆட்டம்மா பெட்டியைக் கீழே வைத்தார். "அவன் இல்லைன்னு தெரியாமச் சொன்னேன். ஆனா வாசல்ல போய்த் தெரிஞ்சுக்கிட்டேன்ல, அப்பவே திரும்ப உள்ள வந்து உன் பக்கத்துல உக்காந்திருக்கணும். உக்காரலை. பயமா இருந்துச்சு."

"இப்ப?"

"இப்பவும் பயமாத்தான் இருக்கு."

அவள் ஆட்டம்மாவை முதல்முறையாகப் பார்ப்பவள்போலப் பார்த்தாள். பிறகு பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"பொத்தான் வழியா கழட்டுங்க. வெட்டாதீங்க."

ஆட்டம்மா உப்புப்போட்ட சுடுதண்ணீர் கேட்டு வாங்கித் துணியை நனைத்தார், காத்திருந்தார், மறுபடி நனைத்தார். முதுகுப் பொத்தான்கள் ஒவ்வொன்றாக வந்தன. கைப்பகுதி வரவில்லை. அது சதையோடு ஒட்டியிருந்தது. அவர் குளம்புக் கத்தரியை எடுத்துக் காட்டினார். வீட்டுக்காரி கண்ணை மூடித் திறந்தாள். குட்டியின் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பழுப்பு ஒட்டு இருந்த முழங்கையிலிருந்து ஆட்டம்மா வெட்டத் தொடங்கினார்.

"மெதுவா அக்கா. அக்குள்ல அவனுக்குக் கூச்சம் அதிகம்."

"சரிம்மா. மெதுவாவே" என்றார் ஆட்டம்மா. கூச்சப்படும் பிள்ளையின் அக்குளை எப்படித் தொடுவாரோ அப்படியே தொட்டார். குட்டி ஒருமுறை கத்தியது. "இதோ ஆச்சு, இதோ ஆச்சு" என்றாள் தாய். கை ஒன்று வந்தது, பிறகு மற்றது. புழுக்களைக் களைந்து, புண்ணைக் கழுவி, மருந்து வைத்து முடித்ததும் ஆட்டம்மா மருந்துப் பாட்டிலை மூடச் சொல்லிக் கிணறு வெட்டுகிறவரிடம் கொடுத்தார்.

சட்டை இல்லாத குட்டி, எல்லாரும் நினைத்திருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. துணியின் அடியில் மயிர் படிந்து, நிறம் மங்கி, கோடுகோடாக இருந்தது. அது எழுந்து நின்று காது முதல் வால்வரை உடம்பை ஒருமுறை உதறிக்கொண்டது. பிறகு மூன்று காலில் நொண்டிக்கொண்டே கதவைத் தாண்டிக் கொட்டிலுக்குப் போயிற்று. வீட்டுக்காரியும் எழுந்து பின்னால் போனாள்; அவள் பின்னால் ஆட்டம்மா.

தாய் ஆடு தலையைத் தூக்கியது. வருவது யார் என்று அதற்குத் தெரியவில்லை. மூக்கை நீட்டி, தலையிலிருந்து பின்புறம்வரை, சட்டை மூடியிருந்த இடமெல்லாம் சந்தேகத்தோடு முகர்ந்தது. பிறகு முதுகை நக்கத் தொடங்கியது. படிந்துபோன மயிரை, பிறந்த நாளில் நக்கியதுபோல, அவசரமில்லாமல் நக்கி நிமிர்த்தியது.

வீட்டுக்காரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"அதுக்கு அம்மா இருக்குல்ல" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். ஆட்டம்மா இம்முறை பெட்டியை எடுக்கவில்லை. தரையிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். காய்ச்சல் எப்படி ஏறியது, அவன் எதைக் கேட்டான், எதைக் கொடுக்க முடிந்தது, எதைக் கொடுக்க முடியவில்லை என்பதையெல்லாம் அவள் சொன்னாள். கணவரிடமும் சொல்லாதவை அவை. கிணறு வெட்டுகிறவர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். பனி வந்து வீட்டைச் சூழ்ந்துகொண்டது. யாரும் விளக்கேற்ற எழவில்லை.

புண் ஆறியபின் குட்டியை ஜெபக்கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். கல்லுடைக்கிறவர் மனைவி வருவாளா என்பது ஆட்டம்மாவுக்குக் கடைசிவரை நிச்சயமில்லை. அவள் வந்தாள், கணவரின் பின்னால் ஒதுங்கி நின்றாள். வாண்டுவின் அம்மா வெறும் உடம்போடிருந்த குட்டியைத் தூக்கிக்கொண்டு அவளிடம் போனாள். சொல்ல வேண்டியது இரண்டு வார்த்தைகள். அவள் ஒன்றைத்தான் சொன்னாள்: "கொடுக்கிறோம்." மற்றதைச் சொல்லும்படி போதகர் கேட்கவில்லை. தலைச்சனைப் பற்றிய அந்தப் பிரசங்கத்தையும் அதன்பின் ஆடு கொடுக்கும் நாளில் அவர் செய்ததில்லை.

கல்லுடைக்கிறவர் மனைவி கையை நீட்டுவதற்கு முன் ஒன்று கேட்டாள். "பேர் ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"இல்ல" என்றாள் தாய். "நீங்க வெச்சுக்கங்க."

அதற்குப் பின்னும் ஆட்டம்மா பல வருஷங்கள் அந்த வேலையைச் செய்தார். வாயில் குடியிருந்த செய்தியில் சட்டைக்குப் பதில் சாக்கு என்று மாற்றிக்கொண்டார். "பிள்ளைங்க சட்டையை மாட்டுற உங்க யோசனை எவ்வளவு நல்லா இருந்துச்சு" என்று யாராவது சொன்னால், "சாக்கு கெட்டி" என்பார். அதைவிட முக்கியமான மாற்றம் ஒன்று: எந்த வீட்டுக்குப் போனாலும் ஆட்டைப் பார்க்கும் முன் வீட்டுக்குள் போய், அடுப்படிவரை எட்டிப் பார்த்து, "எல்லாரும் இருக்கீங்களா?" என்று கேட்பார். ஒவ்வொருவராகப் பதில் வரும்வரை பெட்டியைத் திறக்கமாட்டார். ஆடு இடுப்பு வலியில் கத்திக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். மேட்டில் இதற்கு ஒரு கேலி உண்டாயிற்று. "வாங்க வாங்க, ஆட்டம்மா ஆஜர் எடுக்க வந்துட்டாங்க, எல்லாரும் கையைத் தூக்குங்க" என்பார்கள். அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். தூக்கிய கைகளைப் பார்ப்பார்.

வாண்டுவின் அம்மா வெட்டிய சட்டையைத் தைத்து வைத்திருந்தாள். ஒவ்வொரு குளிர்காலத் தொடக்கத்திலும் அதைத் துவைத்து, கல்சுவரை ஒட்டிய கொடியில் காயப்போடுவாள். கிழங்கு வயல் பாதையில் வருபவர்களுக்குப் பழுப்பு ஒட்டோடு ஒரு கை பனியில் ஆடுவது தெரியும். ஆட்டம்மா மறுபடி அந்தப் பாதையிலேயே போய்வந்தார். பல மாலைகளில் அவர் பார்த்தது கொடியில் காய்ந்த அந்தச் சட்டைதான். சில மாலைகளில் கொடி வெறுமையாக இருந்தது.

ஒருமுறை தச்சரும் கூட வந்தார். பனி இறங்கும் நேரம். கொடியில் எதுவும் இல்லை. சுவரருகே ஆட்டம்மா நின்றுவிட்டார்.

"என்ன பாக்குறே?" என்றார் தச்சர்.

"ஒண்ணுமில்ல" என்றார் ஆட்டம்மா. கூப்பிடவில்லை, ஒதுங்கவுமில்லை. சுவரோரமாக அவர் கண்கள் மட்டும் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன. "கொஞ்சம் இருங்க. அவன் போகட்டும்."